பூவம்மா விடாத கயிறு

காலடிப்பேட்டையில் பூவம்மாவைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது. அதுவும் அவளுக்குத் தெரியும்.

மாநகராட்சி நடுநிலைப் பள்ளி ஒன்றில் துப்புரவு வேலை. பத்தொன்பது வருஷமாக அதே பள்ளி, அதே பன்னிரண்டு கக்கூஸ், அதே வேப்பமரத்துச் சருகு. மாநகராட்சி வேலை என்று பேர்தானே ஒழிய, ஆள் எடுப்பது ஒரு ஒப்பந்தக்காரர். ‘நாளையிலேர்ந்து வராதே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றோடு சரி. அந்தப் பயத்தில் மற்ற பெண்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். பூவம்மாவுக்கு வாயை மூடிப் பழக்கமில்லை.

பிறந்தது காசிமேட்டில். அப்பா விசைப்படகுக்குப் போனவர். இருபத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஓட்டுப் போடப் போனாள். வரிசையில் ரெண்டு மணி நேரம் நின்று உள்ளே போனால், ‘உன் ஓட்டை ஏற்கெனவே போட்டாச்சும்மா’ என்றார் தேர்தல் அதிகாரி. யாரோ ஒருத்தி பூவம்மாவாக வந்து மை வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். மற்றவர்களாக இருந்தால் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். பூவம்மா வாக்குச்சாவடியிலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“மை இல்லாத விரலு இதோ கீது. என் ஓட்டு எங்க கீது?”

போலீஸ்காரர் வந்து மிரட்டினார். எழுந்திருக்கவில்லை. ஒரு மணி நேரம் போனதும் அதிகாரி சலித்துப் போய்த் தன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அப்படி ஏமாந்தவர்களுக்கென்று தனியாக ஒரு சீட்டு உண்டு, டெண்டர் ஓட்டு என்று பெயர், போட்டதும் உறைக்குள் வைத்து ஒட்டிவிடுவார்கள் என்று அதில் இருந்தது. கொடுத்துவிட்டுச் சொன்னார்: “இதை எண்ண மாட்டாங்கம்மா. சும்மா ஒரு கணக்குக்கு.”

“நீ எண்ணலன்னா இன்னா? நான் போட்டேன் இல்ல!” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கல்யாணமாகிக் காலடிப்பேட்டைக்கு வந்தபோது இந்தக் கதையும் கூடவே வந்துவிட்டது. அவள் புருஷன் பகலவன் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். அதிர்ந்து பேசாத ஆள். “இவ கூட ரேஷன் கடைக்குக்கூட போகக் கூடாதுப்பா, சண்டையில்லாம திரும்ப மாட்டா” என்று சிரித்துக்கொண்டே சொல்வான்.

பள்ளியில் அவளுக்குச் சம்பளத்தில் சேராத வேலை ஒன்று இருந்தது. ஆகஸ்டிலும் ஜனவரியிலும் கொடி கட்டுவது. முதல் வருஷம் உடற்பயிற்சி வாத்தியார் கட்டின கொடி முடிச்சவிழாமல் அப்படியே நிற்க, விருந்தாளி இழுத்து இழுத்து ஓய்ந்து போனார். அடுத்த வருஷம் பூவம்மா கையில் கொடுத்தார்கள். படகுக்காரன் மகளுக்கு முடிச்சு சொல்லிக்கொடுக்க வேண்டுமா? முந்தின நாளே கொடியை வீட்டுக்குக் கொண்டுபோய், பகலவனின் வெள்ளை வேட்டியை விரித்து அதன் மேல் போட்டு இஸ்திரி போடுவாள். விடிந்ததும் சாமந்தி இதழும் ரோஜா இதழும் உள்ளே வைத்து, காவி மேலே வருகிறதா என்று மூன்று தடவை பார்த்து, மடித்து, ஒரே இழுப்பில் அவிழும்படி சுருக்கு முடிச்சுப் போட்டு மேலே ஏற்றிவிடுவாள். விருந்தாளி வந்ததும் கம்பத்தின் கொக்கியிலிருந்து கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுப்பாள். பிறகு ஓரமாகப் போய் நின்றுகொள்வாள்.

இன்னொன்றும் அந்தப் பள்ளிக்கூடம் அவளுக்குக் கொடுத்திருந்தது. ஆறாம் வகுப்புக்கு வெளியேதான் குப்பைத் தொட்டி. ஷெர்லின் டீச்சர் அங்கே சமூக அறிவியல் எடுத்த காலத்தில், வருஷா வருஷம் ஒரே பாடம் ஜன்னல் வழியாகக் காதில் விழும். மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி. யாரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், யாருக்கு என்ன பொறுப்பு. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. ஐந்தாவதோடு படிப்பை விட்ட பூவம்மாவுக்கு அந்தப் பாடம் மனப்பாடம்.

அந்த ஷெர்லின் டீச்சர்தான் இப்போது தலைமை ஆசிரியை.

உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது அவர்கள் வட்டம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. நிற்பதற்கென்றே பல வருஷமாகக் காத்திருந்தவர் சிவந்தி. தெற்கேயிருந்து வந்து மளிகை மொத்த வியாபாரம் பண்ணும் குடும்பம், கடைத்தெருவில் நல்ல பேர். இடம் கை நழுவியதும் மனைவி ராமசெல்வியை நிறுத்தினார். சுவரொட்டியில் அந்த அம்மாள் கை கூப்பி நிற்க, அவளைவிட ரெண்டு மடங்கு பெரிதாகப் பின்னால் இவர் நின்றார். ஜெயித்தார்கள்.

அதன் பிறகு தெரு விளக்கு எரியவில்லையா, சாக்கடை அடைப்பா, எதற்கும் சிவந்தியைத்தான் போய்ப் பார்க்க வேண்டும். ஜனங்கள் அவரைத்தான் ‘கவுன்சிலர்’ என்று கூப்பிட்டார்கள். கெட்ட மனிதர் இல்லை. சொன்னால் செய்து கொடுப்பார். பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். ராமசெல்வி கையெழுத்துப் போடும்போது மட்டும் தேவைப்பட்டாள்.

போன குடியரசு தினத்துக்கு முந்தின நாள், தலைமை ஆசிரியை வாசல் கரும்பலகையில் தன் கையாலேயே எழுதினார்: ‘கொடியேற்றி வைப்பவர்: வட்டக் கவுன்சிலர் திரு. சிவந்தி அவர்கள்.’ பூவம்மா துடைப்பத்தோடு நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“டீச்சர், இது தப்பா கீதே.”

“எழுத்துப் பிழையா?”

“ஆளே பிழை டீச்சர்.”

ஷெர்லின் டீச்சர் சாக்பீஸை டப்பாவில் போட்டார். “சுற்றுச்சுவர் பாதி இடிஞ்சு கிடக்கு பூவம்மா. அவரைக் கேட்டாத்தான் நடக்கும். நீ உன் வேலையைப் பாரு.”

வீட்டுக்கு வந்து இஸ்திரி போடும்போது பகலவனிடம் சொன்னாள். “உனக்கேன் பேஜாரு? யாரு இழுத்தா இன்னா, கொடி பறந்தா சரி” என்றான். அவள் கொடியின் ஓரத்தில் இருந்த ஒரு சுருக்கத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

காலை எட்டு மணி. முந்நூறு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். சிவந்தி வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டியில் வந்தார். பின்னாலேயே ராமசெல்வியும் வந்து டீச்சர்களோடு டீச்சராக ஒதுங்கி நின்றாள். தலைமை ஆசிரியை வரவேற்புரை சொல்லி முடித்தார். சிவந்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பத்தருகே வந்து கையை நீட்டினார்.

பூவம்மா கொக்கியிலிருந்து கயிற்றை எடுத்தாள். எடுத்துத் தன் மணிக்கட்டில் ரெண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

“கவுன்சிலர் கையில குடுக்கணும் சார்” என்றாள்.

“குடும்மா, நான்தானே நிக்கேன்.”

“நீங்க கவுன்சிலர் வூட்டுக்காரரு. ஓட்டு மிஷின்ல ராமசெல்வின்னுதான் பேரு இருந்துது. நான் அமுக்குனது அந்தப் பேரைத்தான்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். “ரெண்டும் ஒண்ணுதாம்மா.”

“ஒண்ணுன்னா, தேர்தல்ல நீங்களே நின்னுருக்கலாமே சார்? சட்டம் ஏன் வுடல?”

பின்வரிசைப் பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். சிவந்தியின் முகம் கறுத்தது. தலைமை ஆசிரியை வேகமாக வந்து காதோரம் சீறினார்: “பூவம்மா, கயித்தைக் குடு. உன் வேலை போயிரும்.”

பூவம்மாவுக்கு வீட்டு வாடகை, மகளின் காலேஜ் எல்லாம் ஒரு கணம் கண் முன்னால் வந்து போயின. ஆனால் கயிறு மணிக்கட்டை விட்டு இறங்கவில்லை. குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்:

“நீங்கதானே டீச்சர் சொல்லிக்குடுத்தீங்க, உள்ளாட்சியில பாதி பொம்பளைங்களுக்குன்னு? பத்து வருஷம் ஜன்னலாண்ட நின்னு கேட்டுகினு இருந்தேனே. அது பரீட்சைக்கு மட்டுமா?”

ஷெர்லின் டீச்சர் ரெண்டடி தள்ளிப் போய் நின்றார். பூவம்மா திரும்பி ராமசெல்வியைப் பார்த்தாள்.

“வாம்மா. நீ வந்து வாங்கலன்னா, இது இங்கியே கெடக்கும்.”

ராமசெல்வி புருஷனைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். துறைமுகப் பக்கம் போகும் லாரிகளின் ஹாரன் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ, திடீரென்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்து வந்தாள். கணவரைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. தாண்டி வந்தாள்.

கயிற்றை வாங்கி மெல்ல இழுத்தாள். கொடி அசையவில்லை.

“வெடுக்குனு இழும்மா, பயப்படாத” என்றாள் பூவம்மா.

இழுத்தாள். அவிழ்ந்தது. இதழ்கள் அவள் தலையிலும் தோளிலும் விழுந்தன. பிள்ளைகள் தேசிய கீதம் பாடத் தொடங்கினார்கள். சிவந்தியும் அசையாமல் நின்று பாடினார்.

பிப்ரவரி முதல் தேதி ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் வந்து, நாளையிலிருந்து வேண்டாம் என்றான்.

“எழுதிக் குடு” என்றாள் பூவம்மா.

“அதெல்லாம் வழக்கமில்ல.”

“அப்போ நான் வருவேன்.”

வந்தாள். உள்ளே விடவில்லை. வாசலுக்கு வெளியே, இடிந்த சுற்றுச்சுவர் மேல் உட்கார்ந்துகொண்டாள். காலை ஏழு மணிக்கு வருவாள், நாலு மணிக்குப் போவாள். கோஷமில்லை, அட்டையில்லை. யாராவது கேட்டால், “டூட்டியில கீறேன்” என்பாள். ஷெர்லின் டீச்சர் தலையைக் குனிந்தபடி அவளைக் கடந்து போவார். மூன்றாம் நாள் முதல் வாசல் கரும்பலகைப் பக்கமே அவர் போகவில்லை என்று பிள்ளைகள் வந்து சொன்னார்கள்.

ஒன்பதாம் நாள் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ராமசெல்வி தனியாக இறங்கினாள். சுவரில் பூவம்மாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“அக்கா, அன்னைக்கு உங்க மேல எனக்குக் கோவம்தான் வந்துது. வீட்டுல பத்து நாள் ஒரு பேச்சு இல்ல. சோறு போட்டா எந்திரிச்சுப் போயிருவாங்க. அப்புறம் யோசிச்சேன். மூணு வருசமா நான் போட்ட கையெழுத்துல ஒண்ணுகூட நான் படிச்சதில்ல.”

கைப்பையிலிருந்து தன் பேர் அச்சடித்த தாள் ஒன்றை எடுத்தாள். தானே எழுதியிருந்தாள், அடித்தல் திருத்தலோடு. வாய்விட்டுப் படித்தாள். ‘பத்தொன்பது ஆண்டுகளாகப் பணியாற்றிவரும் பூவம்மாவை எழுத்துப்பூர்வமான ஆணை ஏதுமின்றி நிறுத்தியது முறையல்ல. அவர் நிலையைக் கருணையோடு பரிசீலித்து...’

“கருணைய எடும்மா” என்றாள் பூவம்மா.

“ஏங்க்கா?”

“நான் இன்னா பிச்சையா கேக்குறேன்? எடு.”

ராமசெல்வி பேனாவை எடுத்து அந்த வார்த்தையை அடித்தாள்.

ரெண்டு பேரும் மண்டல அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாக எழுந்து நின்று வாசலை எட்டிப் பார்த்தார். “கவுன்சிலர் சார் வரலீங்களா?”

“கவுன்சிலர் வந்திருக்கேன்” என்றாள் ராமசெல்வி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒப்பந்தக்காரரை அவர் வரச்சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை. வாக்குச்சாவடியில் தான் செய்ததேதான், தரையில் உட்காரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று பூவம்மா பிறகு பகலவனிடம் சொன்னாள்.

முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஒப்பந்தக்காரர் வேலையைத் திருப்பிக் கொடுத்தார், ஆனால் வேறு பள்ளியில். எண்ணூரில், ரெண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம். பழைய இடமே வேண்டும் என்று இன்னொரு மனு போட்டிருக்கிறாள் பூவம்மா. அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. சிவந்தி இப்போதும் காரின் முன்சீட்டில்தான் உட்காருகிறார், கடைத்தெருவில் பாதிப் பேர் அவரைத்தான் கவுன்சிலர் என்கிறார்கள். ஆனால் கையெழுத்துக்கு யாராவது தாளை எடுத்துக்கொண்டு போனால், “வச்சிட்டுப் போங்க, படிச்சிட்டுப் போடுறேன்” என்கிறாளாம் ராமசெல்வி.

எண்ணூர்ப் பள்ளிக்கு முதல் நாள் போனபோது அங்கிருந்த தலைமை ஆசிரியர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்த மேஜையை விரலால் தட்டிக்கொண்டே கேட்டார்:

“கொடிக்கம்பத்துல பிரச்சனை பண்ணின பொம்பளை நீதானா?”

“ஆமா சார், நான்தான்” என்றாள் பூவம்மா. “பினாயில் எங்க கீது?”