‘என்கிறார்’ என்ற ஒரு சொல்

செனியோ அக்பேக்கோ, கானா நாட்டில் ஹோ நகரத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் பதினோரு ஆண்டுகள் திருச்சபை உபதேசியாராக இருந்தவர். 1979 செப்டம்பரில் சபையே அவரைத் தலைநகர் அக்ராவில் இருந்த பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. பட்டத்துடன் திரும்பினால் போதகராக அபிஷேகம். அவருக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

மதவியல் துறையில் சேர்ந்தவர், தம் சபையின் வியாழக்கிழமை உபவாச ஜெபத்தையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். ஏழு மாதம் படுக்கையில் கிடந்த அவர் மனைவி ஜிஃபா, 1974 மார்ச் 14 அன்று அந்த ஜெபத்தில்தான் எழுந்து நடந்தாள். ‘தேவன் அவளைக் குணமாக்கினார்’ என்று எழுதினார். பேராசிரியர் அசமானி அதைச் சிவப்பு மையால் அடித்தார்.

“இதை யாருய்யா பார்த்தது?”

“நான் பார்த்தேன், சார்.”

“நீங்க பார்த்தது ஒரு பொம்பளை நடந்ததை. பிரசங்கம் பண்ணணும்னா மாடியில இறையியல்காரங்க இருக்காங்க, அங்க போங்க.”

மூன்று நாள் யோசித்துத் திருத்தினார். ‘தகவலாளி 7, வயது 31, தேவன் தம்மைக் குணமாக்கினார் என்கிறார்.’ அறுபத்தோராம் பக்கம். ஆய்வேடு தேறியது.

1982 ஜூன் 9, புதன்கிழமை, அபிஷேகத் தேர்வுக் குழு கூடியது. ஐந்து பேர். தலைவர் மூத்த போதகர் அமெவோர் அதே பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார்.

“உபதேசியாரே, இந்த ஏழாம் தகவலாளி யாரு?”

“என் மனைவி, ஐயா.”

“அவங்க ‘என்கிறார்’. சரி. நீங்க என்ன சொல்றீங்க?”

“குணமாக்கினார்னுதான் நம்புறேன், ஐயா. அங்க அப்படி எழுத விடமாட்டாங்க.”

“அங்க மார்க்குக்கு ஒண்ணு, இங்க அங்கிக்கு ஒண்ணா?”

குழுவில் ஒருவர் சிரித்தார். “பல்கலைக்கழகமே தலையில கைவச்சு அபிஷேகம் பண்ணட்டுமே.”

ஒத்திவைப்பு என்று தீர்மானம். எதுவரை என்று எழுதவில்லை.

மறுவாரம் செனியோ அக்ராவுக்குப் பஸ் ஏறினார். தம் விசுவாசத்தைப் பற்றிச் சபைக்கு ஒரு கடிதம் தரும்படி அசமானியிடம் கேட்டார்.

“உங்க விசுவாசத்தைப் பத்தி எனக்கு எதுவும் தெரியாதே. அது எனக்குத் தெரியக் கூடாதுன்னுதானே மூணு வருஷமா சொல்லிக்கொடுத்தேன்?”

வீடு திரும்பியபோது ஜிஃபா அக்பிளே களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆய்வேட்டில் தன்னைப் பற்றிய அந்த வரியைத் தங்கள் ஏவே மொழியில் சொல்லச் சொன்னாள். இரண்டு முறை கேட்டாள்.

“நான் ஏழாம் நம்பரா?”

“பேர் போடக் கூடாது. அது வழக்கம்.”

“ஃபாஃபாவோட அப்பா, நான் நடந்தப்ப என் கையைப் பிடிச்சிருந்தது யாரு?”

“நான்தான்.”

“தேவனை எழுத விடமாட்டாங்க, சரி. உங்க கையையாவது எழுதியிருக்கலாமே.”

ஆய்வாளர் காட்சிக்குள் நிற்கக் கூடாது என்ற விதி அவருக்கு நினைவிருந்தது.

அபிஷேகம் வரவில்லை. உபதேசியார் வேலையும் வேறொருவருக்குப் போயிருந்தது. பள்ளியில் மதபோதனை ஆசிரியராகப் பதினேழு ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றார். ஜிஃபா வியாழக்கிழமை ஜெபத்துக்குத் தவறாமல் போனாள். சாட்சி சொல்ல மட்டும் எழுந்ததில்லை. யாராவது வற்புறுத்தினால், கடைசி பெஞ்சில் இருந்த கணவரைக் காட்டுவாள்.

“அவர் எழுதி வச்சிருக்கார். வாங்கிப் படிச்சுக்கோங்க.”