சாதம் தொடாதவள்

என் தம்பிக்கு ஈரல் கெட்டுப்போய்விட்டது. அவன் குடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈரல் என்றதும் எல்லோருடைய வாயிலிருந்தும் வருகிற முதல் கேள்வி அதுதான். இங்கே வங்காளத்தில், சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறான், யார்டில் வேலை. டீயைத் தவிர வேறு எந்தப் பழக்கமும் கிடையாது. எங்கிருந்தோ வந்த நோய், சத்தம் காட்டாமல் வருஷக்கணக்கில் அவனைத் தின்றிருக்கிறது. கண் மஞ்சளானபோதுதான் தெரிந்தது. வேறு ஆளின் ஈரலில் ஒரு பகுதியை வெட்டி வைத்தால்தான் பிழைப்பான் என்றார்கள். அவன் மனைவிக்கு ரத்த வகை சேரவில்லை. அப்பா அம்மா இல்லை. எனக்குச் சேர்ந்தது.

கொடுக்கிறேன் என்று உடனே சொன்னேன். சொல்லிவிட்டு இரண்டு நாள் பெரிய தியாகி மாதிரி நடமாடினேன். மூன்றாம் நாள் என்னை ஸ்கேன் எடுத்தார்கள். என் ஈரல் முழுக்கக் கொழுப்பு.

டாக்டர் வங்காளி. பொறுமைசாலி. படத்தைப் பேனாவால் தட்டிக் காட்டிச் சொன்னார்: "இதை வெட்டினா உங்களுக்கும் ஆபத்து, அவருக்கும் உபயோகம் இல்லை. எடையைக் குறைங்க. ஈரல் சீக்கிரம் தேறிடும். இரண்டு மாசத்துல மறுபடி பாக்கலாம்."

தம்பி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். "பாத்தியா, சின்ன வயசுல என் பங்கையும் சேத்துத் தின்ன இல்ல, எல்லாம் அங்கதான் உக்காந்துண்டிருக்கு" என்றான். நான் அவன் தொடையில் அடித்தேன். அவன் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன். ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். சாதத்தை நிறுத்தினேன். ஓட்ஸை வேகவைத்து மோர் விட்டுக் கரைத்தால் தயிர்சாதம் மாதிரி இருக்கும் என்று செல்போனில் ஒருத்தி சொன்னாள். அவள் நாசமாய்ப் போக. சுவரொட்டி ஒட்டுகிற பசை மாதிரி இருந்தது. காலிஃபிளவரைத் துருவி ஆவியில் வைத்து அதில் சாம்பார் விட்டேன். வீடு முழுக்க நாற்றம். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, சாம்பார் என்ன பாவம் பண்ணித்து?" என்று கேட்டார். சுரைக்காய்ச் சாறு குடித்தேன். ஊரிலிருந்து சாமை வரவழைத்தேன். சாமையில் வெண்பொங்கல் பண்ணினால் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதற்கு விட்ட நெய்யைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

நடக்கவும் நடந்தேன். நான் இருப்பது பெஹாலாவில். ஆபீஸுக்குப் பேருந்தில் காளிகாட் வரை வந்து அங்கே மெட்ரோ பிடிப்பேன். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன். அந்த வழியில் ஒரு கடை. காலையில் கச்சோரியும் உருளைக்கிழங்குக் குழம்பும் இலைத் தொன்னையில் கொடுப்பான். முதல் வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். இரண்டாவது வாரம், இவ்வளவு தூரம் நடக்கிறவளுக்கு இரண்டு கச்சோரி தாங்கும் என்று தோன்றியது. பேருந்திலேயே உட்கார்ந்து வந்திருந்தால் அந்தக் கடையே கண்ணில் பட்டிருக்காது. என் அதிர்ஷ்டம் அப்படி என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே தின்றேன்.

அடுத்தது எதிர் ஃபிளாட் பௌதி. வங்காளி. என்னைவிடச் சின்னவள்தான், ஆனாலும் பௌதி, அதாவது அண்ணி. அவள் என்னைத் திதி, அக்கா, என்பாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பாத்திரங்கள் காலியாகப் போவதில்லை. நான் கொலுவுக்குச் சுண்டல் கொடுத்தால் டப்பா சந்தேஷ் மிட்டாயோடு திரும்பி வரும். அந்த டப்பாவை நான் வெறுமே அனுப்ப முடியாது, வடை வைப்பேன். அது பாயேஷ் என்கிற அவர்கள் பாயசத்தோடு வரும். குளிர்காலம் வேறு. புது ஈச்சவெல்லம் வந்துவிட்டால் இந்த ஊரில் கட்டுப்பாடு என்று எதுவும் கிடையாது.

"வேண்டாம் பௌதி, நான் டயட்டுல இருக்கேன்."

"டயட்டா? ஏக்டா தோ! ஒண்ணே ஒண்ணு தின்னா என்ன ஆயிடப் போறது? என் மாமியார் எண்பது வயசு வரைக்கும் தினம் தின்னா."

காரணத்தைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பாள். சொல்லவில்லை. தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று வெளியே தெரியக் கூடாது என்பது எங்கள் வீட்டு முடிவு. குடிகாரன் என்று பேர் வந்துவிடுமாம். அதனால் வாங்கிக்கொண்டேன். வாங்கின பிறகு தூக்கியா எறிவது? கணவருக்கு ஒன்று கொடுத்துவிட்டு மீதியை அடுப்படியில் நின்றுகொண்டே தின்றேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. இவற்றைத் தின்னும்போது தப்பு என்று தெரிந்து தின்றேன். தெரியாமல் செய்தது வேறு. தெரியாமல் என்று எழுதுகிறேன், பாதி தெரியும்.

எங்கள் வீட்டில் ஏகாதசி, கிருத்திகை என்று மாசத்துக்கு நாலு விரதமாவது வரும். விரதம் என்றால் சாதம் கூடாது. சாதம் இல்லாவிட்டால் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று கணக்கு. பலகாரம் சாப்பிடலாம். அடை, கோதுமை தோசை, ரவா உப்புமா. அரிசியை அப்படியே வடித்தால் சாதம், விரதம் போச்சு. அதே அரிசியை ரவையாக உடைத்துத் தேங்காயெண்ணெய் விட்டுக் கிளறினால் அரிசி உப்புமா, விரதத்துக்கு ரொம்ப விசேஷம். பட்டினி கிடந்தேன் என்று மறுநாள் எல்லோரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். இப்படியே வளர்ந்தவள் நான். மத்தியானம் இரண்டு ரொட்டி, கொஞ்சம் காய். காலையிலும் ராத்திரியும் பலகாரம். தட்டில் சாதம் இல்லை. அதனால் என் மனசில் நான் பட்டினி. அடை நாலு, மேலே வெண்ணெய், ஓரத்தில் வெல்லம். பட்டினி.

இரண்டு மாதம் கழித்துப் போனோம். எடை இறங்கியதாகவே தெரியவில்லை. கொழுப்பு அப்படியே இருந்தது. டாக்டர் குழம்பிப்போய், ஒரு நாளில் என்னவெல்லாம் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

"சாதம் தொட்டே ரெண்டு மாசம் ஆச்சு" என்றேன். "மத்தியானம் ரெண்டு ரொட்டி, காய். அவ்வளவுதான்."

பொய் சொல்கிறோம் என்று தோன்றவில்லை. கோபம்தான் வந்தது. இவ்வளவு கஷ்டப்பட்டும் இறங்கவில்லையே என்று கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அவர் நம்பினார். தைராய்டாக இருக்கலாம் என்று ரத்தம் எடுக்கச் சொன்னார். அந்தச் சோதனை, இந்தச் சோதனை, முடிவு வர இன்னும் சில நாள். அந்த நாள்களெல்லாம் யாருடையவை என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

வெளியே நடைபாதையில் தம்பி பெஞ்சில் உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது.

"அக்கா, நேத்து ராத்திரி என்ன பண்ணினே?"

"அரிசி உப்புமா."

"தொட்டுக்க?"

"கத்திரிக்காய் கொத்சு."

சிரித்தான். சத்தமில்லாமல், தோள் குலுங்கச் சிரித்தான். "ஆரே அக்கா! ஏகாதசி விரதமா இருந்துண்டிருக்கே! பாவம் அந்த டாக்டர், உனக்குத் தைராய்டு தேடறார்."

"உள்ள இருந்தப்பவே சொல்றதுதானேடா?"

"உன்னை மாட்டி விடச் சொல்றியா?" என்றான். பிறகு, "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை. மெள்ளப் பண்ணிக்கோ" என்றான்.

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். அவன் மெள்ளப் பண்ணிக்கோ என்றான். மஞ்சள் கண்ணை வைத்துக்கொண்டு. நான் உள்ளே திரும்பிப் போய் டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். தைராய்டு நன்றாக இருக்கிறது என்று முடிவு வந்தது. வராமல் என்ன?

அந்தச் சமயத்தில்தான் அவன் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் நிறைமாசம் மாதிரி. ஊசி குத்திக் குழாய் வைத்து இறக்கினார்கள். பை நிறைந்தது, மாற்றினார்கள். அவன் மனைவி பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கிறேன், எதிர்க் கதவு திறந்தது. பௌஷ் சங்கராந்தி அன்றைக்கு, நம் பொங்கல் நாள். பௌதி தட்டு நிறைய பாட்டிஷாப்டா வைத்துக்கொண்டு வந்தாள், அரிசி மாவு தோசைக்குள் தேங்காய்ப் பூரணம் வைத்துச் சுருட்டுகிற பண்டம்.

"சூடா இருக்கு திதி, ஏக்டா தோ..."

கத்தினேன். மாடிப்படி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். "என் தம்பி செத்துண்டிருக்கான்! நான் ஈரல் கொடுக்கணும், அதுல கொழுப்பு, உன் மிட்டாய்தான் அதுல இருக்கு! இனிமே என் வாசலுக்கு வராதே!" பாதி வங்காளம், பாதி இந்தி, கடைசியில் தமிழ்.

அவள் தட்டோடு அப்படியே நின்றாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. யார் மேலாவது பழியைப் போட்டாயிற்று. செருப்பைக் கழற்றுவதற்குள் அந்த நிம்மதி போய்விட்டது. என் வாயைப் பிடித்து யாரும் ஊட்டவில்லை. கொத்சு பண்ணச் சொல்லி அவளா வந்து சொன்னாள்?

மறுநாள் மத்தியானம் வந்தாள். கிண்ணத்தில் பப்பாளிக்காயை வேகவைத்து, எண்ணெய் இல்லாமல், மிளகு போட்ட தண்ணீர்க் குழம்பு. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் அவர்கள் செய்வது. வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா திதி? நான் என்ன வேத்து மனுஷியா? ரெண்டு மாசமா உங்க தம்பிக்கு எதிரா சமைச்சிண்டிருந்தேனே."

அழுதாள். அவள் எதற்கு அழ வேண்டும்? அழவேண்டியவள் நான். எனக்கு அழுகை வரவில்லை. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "உள்ளே வா" என்றேன். மன்னிப்பு கேட்கத் தெரியவில்லை. இன்னும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடை, உப்புமா, கச்சோரி, பாயேஷ், எல்லாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்ன சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்று எழுதிக் கொடுத்தார். அதில் மத்தியானம் ஒரு கிண்ணம் சாதமும் இருந்தது. அதன்படி சாப்பிட்டேன். எடை இறங்கியது. கொழுப்பும் இறங்கியது. பெரிய கஷ்டமாகக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முடியாத காரியமாக இருந்திருந்தால் சமாதானம் சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

போன மாதம் ஸ்கேன் எடுத்தார்கள். நன்றாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றார்கள். ஆனால் தம்பி உடம்பில் கிருமி ஏறியிருக்கிறது. ஜுரம் விட்டு விட்டு வருகிறது. அது போகாமல் கத்தி வைக்க முடியாது. இப்போது நான் தயார். அவன் தயாராக இல்லை. முதல் தடவையே நான் ஒழுங்காக இருந்திருந்தால் அவன் இந்நேரம் எழுந்து நடந்துகொண்டிருப்பானா என்று டாக்டரிடம் கேட்டேன். "அப்படியெல்லாம் கணக்குப் போடாதீங்க" என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாந்த்ராகாச்சிக்குப் போகிறேன். அவன் மனைவி எனக்குத் தட்டு வைக்கிறாள். எண்ணெய் இல்லாத கூட்டு, அளந்து வைத்த சாதம். எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்க்கிறாள்.

"போறுமா அக்கா? தெம்பு வேணுமோன்னோ உங்களுக்கு."

"போறும்."

இவ்வளவுதான் பேச்சு. தம்பி அவளிடம் உப்புமா கதையைச் சொல்லியிருப்பான், சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பான். அவள் ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திட்டித் தொலையேண்டி என்று வாய்வரை வருகிறது. அதைக் கேட்கும் தகுதிகூட எனக்கு இல்லை. இந்த வாரமும் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவனுடைய அறைக்குப் போய் அவன் நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டரை வைத்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். இன்றைக்கும் ஜுரம் இருந்தது.