பாகலூர் காருக்குப் பட்டை போட்ட கதை

சக்கரத்துக்கு மேலே வண்டியைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டையை வளைக்கிறவனிடம் வருகிற எல்லாருக்கும் ஒரே ஆசைதான்: வண்டி வளைவில் சாயவும் கூடாது, பள்ளத்தில் குலுங்கவும் கூடாது.

இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. பட்டையைக் கெட்டியாக்கினால் வண்டி சாயாது, ஆனால் முதுகை உடைக்கும். இளக்கினால் தொட்டில் மாதிரி போகும், திருப்பத்தில் ஒரு பக்கமாகப் படுத்துக்கொள்ளும். சொந்தமாக ஒரு வண்டி வைத்து, ரிப்பேர் கடை வாசலில் கைகட்டி நின்ற பழக்கம் உள்ளவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் கஷ்டம் நமக்குத் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் ஓசூரில் கரீம் பாயின் பட்டறையில் வேலை செய்தேன். சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம். இன்றைக்கு ஓசூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஃபாக்டரி. அப்போது அது சேலம் ஜில்லாவின் ஓரத்தில் கிடந்த சின்ன ஊர். பெங்களூர் சாலையில் போகும் லாரிகளின் பட்டைகளை மாற்றுவதுதான் எங்கள் பிழைப்பு. கார் எப்போதாவது வரும், விருந்தாளி மாதிரி. அப்படி வந்ததில் ஒன்று மட்டும் இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை.

எதுக்குங்க பட்டை?

ஜெயராம ரெட்டியார் பாகலூரில் நிலபுலன் உள்ளவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன இங்கிலீஷ் கார் வைத்திருந்தார். உறவுக்காரர் கல்யாணத்துக்கு மதராஸ் போனவரை யாரோ கார்ப் பந்தயம் பார்க்கக் கூட்டிப்போயிருக்கிறார்கள். யுத்த காலத்தில் போட்டு, பிறகு சும்மா கிடந்த விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயம். தாலி கட்டியதைப் பார்த்தாரோ இல்லையோ, பந்தயத்தைப் பார்த்துவிட்டார். திரும்பி வந்ததும் நேராக எங்கள் பட்டறைக்குத்தான் வந்தார்.

அடுத்த வருஷம் தானும் ஓட்டப்போவதாகச் சொன்னார். வளைவில் கார் சாய்கிறது, அதை நிறுத்த வேண்டும் என்றார். அவர் சொன்ன விதத்தில் எனக்கே உடம்பு சூடேறியது. கரீம் பாய் மட்டும் தாடியைத் தடவிக்கொண்டு, பின்னால் என்ன ஏற்றுவீர்கள், ராகி மூட்டையா, வெல்லமா என்று விசாரித்தார். ஒன்றும் ஏற்றமாட்டேன், ஸ்டெப்னி டயரைக்கூட இறக்கிவிடுவேன் என்றார் ரெட்டியார். பாய் என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், பிறகு அவரிடமே கேட்டார்:

“சுமையே இல்லாத வண்டிக்கு எதுக்குங்க பட்டை?”

வறண்ட ஏரி

பின்பக்கம் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை கூடுதலாகச் சேர்த்தேன். ஓட்டிப் பார்க்க வேண்டுமே. அந்தக் கோடையில் ஊர் ஏரி வற்றிப் பாளம் பாளமாகக் கிடந்தது. பழைய மண்சட்டிகளைக் கவிழ்த்து வைத்து, அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவதென்று முடிவு செய்தார். நான் கரையில் நின்றேன். கூட ஏறிக்கொள்ளட்டுமா என்று கேட்கத்தான் ஆசை. ஆள் ஏறினால் எடை கூடும் என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்.

முதல் சட்டியை நன்றாகத் தாண்டினார். இரண்டாவதில் பின்சக்கரம் வழுக்கி, கார் வாலைச் சுழற்றிக்கொண்டு வந்த திசையையே பார்த்து நின்றது. பின்பக்கம் மட்டும் கெட்டியானால் அப்படித்தான் ஆகும் என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் புரிந்தது. அப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே வேலை. பின்னால் ஒரு பட்டையைக் கழற்றுவோம், முன்னால் ஒன்றைச் சேர்ப்போம், மறுபடி ஏரிக்குப் போவோம். முன்னால் அதிகமானால் கார் திரும்ப மறுத்து நேராகப் போய்ச் சட்டியை உடைக்கும். உடைந்த ஓடுகளைப் பொறுக்கி ஓரத்தில் போடுவேன். ஆனால் வாரத்துக்கு வாரம் அவர் திரும்புவது அழகாகிக்கொண்டே வந்தது. புழுதிக்குள் போய் வெளியே வரும்போது கார் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு வரும். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

கரையில் ஆடு மேய்க்கும் ஒரு பெண்ணும் வாராவாரம் பார்ப்பாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் என் பக்கத்தில் வந்து கேட்டாள்:

“ஏண்ணா, இவ்ளோ வேகமா போறாரே, மறுபடி மறுபடி அதே எடத்துக்குத்தான வர்றாரு?”

விளக்கெண்ணெய்

பட்டை சரியாக அமைந்ததும் அடுத்த தொல்லை வந்தது. பள்ளத்தில் விழுந்தால் கார் ஒரு குதியோடு நிற்காமல் துள்ளிக்கொண்டே போனது. அந்தத் துள்ளலை அடக்குவதற்கு ஷாக் அப்சார்பர் என்று ஒன்று உண்டு. அந்தக் காரில் அது எண்ணெய் நிரப்பிய சின்ன இரும்பு டப்பா. உள்ளே இருக்கிற எண்ணெய் கெட்டியாக இருந்தால் துள்ளல் சீக்கிரம் அடங்கும். பெங்களூரில் கிடைத்த எண்ணெய் தண்ணீராக இருந்தது. ரெட்டியார் நிலத்தில் ஆமணக்கு விளைந்தது. செக்கில் ஆட்டிய விளக்கெண்ணெயை ஒரு குடத்தில் கொண்டுவந்துவிட்டார்.

பிரமாதமாக வேலை செய்தது, ஒரு வாரம். அப்புறம் டப்பாவின் மூட்டுகளில் கசிந்து, சூட்டில் காய்ந்து, கார் போகிற வழியெல்லாம் மருந்து வாசனை அடித்தது. அவருடைய சம்சாரம் லலிதம்மாவை நான் முதலில் பார்த்தது அன்றைக்குத்தான். கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் பட்டறை முன்னால் கார் நின்றது. மெல்லிய உடம்பு, பேச்சு குறைவு. மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு இறங்கி, ரெட்டியார் சொல்லித் தெரிந்த என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, சிரிக்காமல் சொன்னார்:

“கோவிந்தா, மனுசங்களுக்குத்தான் பேதிக்குக் குடுப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் காருக்கே குடுத்துட்டீங்க.”

ஜூஜுவாடியில் நிறுத்தினார்கள்

சாய்மானம் குறைய காரையே கொஞ்சம் தாழ்த்தினால் நல்லது என்று ரெட்டியார் எங்கேயோ படித்துவிட்டு வந்தார். பட்டையின் வளைவைத் தட்டிக் குறைத்தேன். கார் நாலு விரல் கீழே இறங்கியது. பார்ப்பதற்குப் பதுங்கி நிற்கிற பூனை மாதிரி இருக்கும். அவருக்கு அதில் ரொம்பப் பெருமை.

எங்கள் பக்கம் மதுவிலக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம், மைசூர் ராஜ்யத்தில், சாராயக் கடை திறந்திருக்கும். அதனால் பெங்களூரிலிருந்து வருகிற வண்டியில் பின்பக்கம் தாழ்ந்திருந்தால், பாட்டில் ஏற்றியிருக்கிறது என்று ஜூஜுவாடி எல்லைச் சாவடியில் விடமாட்டார்கள். ஒருநாள் நல்ல ஷாக் அப்சார்பர் வாங்கிக்கொண்டு ரெட்டியாரும் நானும் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தோம். போலீஸ்காரர் சீட்டைத் தூக்கினார், டிக்கியைத் திறந்தார், கதவைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார். ஒன்றும் இல்லை. ரெட்டியார் பந்தயம், வளைவு, சாய்மானம் என்று விளக்கமாகச் சொன்னார். போலீஸ்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார். ஆனால் குரலில் ஏமாற்றம் இருந்தது:

“சரக்கே இல்லாம எதுக்குய்யா வண்டி இப்பிடிக் குந்திக்கினு இருக்குது?”

ஒரு சொம்புத் தண்ணீர்

பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. என்னையும் மதராஸ் கூட்டிப்போவதாக ரெட்டியார் சொல்லியிருந்தார். கரீம் பாயிடம் லீவு சொல்லி, ஒரு வெள்ளைச் சட்டைகூடத் தைத்துக்கொண்டேன். புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது ரெட்டியார் காரில் வந்தார். மாட்டு வண்டிகூட முந்திப்போகும் வேகத்தில் வந்தார். இறங்கியவர் காரைப் பார்க்காமல் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

லலிதம்மா உண்டாகியிருந்தார். இதற்கு முன்னால் இரண்டு தடவை தங்காமல் போயிருக்கிறது. அது எனக்கு அதுவரை தெரியாது. பெங்களூர் டாக்டரம்மா அடிக்கடி வந்து காட்டச் சொல்லியிருக்கிறார், ஆனால் உடம்பு குலுங்கவே கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். பாகலூர் சாலை அப்போது எப்படி இருக்கும் என்று பழைய ஆட்களைக் கேட்டால் தெரியும். வீட்டில் இருப்பது இந்த ஒரு கார்தான். எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், பழையபடி ஆக்கினால் போதாது, அதைவிட இளக்கமாக வேண்டும் என்றார்.

பந்தயம் அதோடு போயிற்று. மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பட்டைகளை அன்றைக்கே ஒவ்வொன்றாகக் கழற்றினேன். போல்ட்டைத் திருகும்போது அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் வீணாயிற்றே என்று வருத்தமாக இருந்தது. ஒரு குழந்தை வரப்போகிறதே என்று சந்தோஷமும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் மனுஷன் என்ன செய்வான், திருகிக்கொண்டே இருந்தேன். கழற்றிய பட்டைகளை எடைக்குப் போட மனசு வரவில்லை. கிரீஸ் தடவிச் சாக்கில் சுற்றி மூலையில் வைத்தேன்.

குலுங்குகிறதா என்று பார்க்க அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு சொம்பில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிரப்பி, என்னைப் பின்சீட்டில் உட்கார்த்தி மடியில் கொடுத்தார். மெதுவாகப் பாகலூர் சாலையில் ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் திரும்பிப் பார்த்தார். என் வேட்டி ஒரு கை அளவு நனைந்திருந்தது. வண்டியை நிறுத்தி இறங்கி வந்து, அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். லாரிக்காரர்களிடம் கேட்டால் நல்ல வேலை என்று சொல்லியிருப்பார்கள். அவர் சொன்னது:

“இன்னும் ஒரு பட்டைய எடுத்துடு, கோவிந்தா.”

பந்தய நாள்

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். புதுச் சட்டை ஆணியில் தொங்கியது. மேலே வானம் தெரியாது, அச்சும் சேறும்தான் தெரியும். இப்போது கொடி அசைத்திருப்பார்கள், இப்போது முதல் வளைவு வந்திருக்கும் என்று நானாகக் கணக்குப் போட்டுக்கொண்டு ஸ்பேனரைத் தவறவிட்டேன். கரீம் பாய் அதைப் பார்த்தார். எனக்குப் பிடித்த கடையிலிருந்து டீ வரவழைத்துக் கொடுத்தார்.

மறுநாள் மதராசிலிருந்து வந்த ஒரு லாரி டிரைவர், பந்தயத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்ததாகச் சொன்னார். அவரை நான் விடவில்லை. வளைவில் எந்தக் கார் சாய்ந்தது, எது சாயவில்லை, சின்னக் கார்கள் எப்படித் திரும்பின, தரை வழுவழுப்பா, சொரசொரப்பா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவருக்குத் தெரிந்தது புழுதியும் சத்தமும்தான். வேலை முடிந்தும் போகவிடாமல் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்:

“என்னாப்பா நீ, வூட்டுக்காரி கோவிச்சுக்கினு அங்க போயிட்ட மாதிரி விசாரிக்கிற?”

சூளகிரி வளைவு

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெண் குழந்தை. ரெட்டியார் பட்டறையில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். அதன்பின் பல மாதம் அவர் வரவில்லை. பட்டை இளகிய கார் தெருவில் படகு மாதிரி அசைந்து போவதைத் தூரத்திலிருந்து பார்ப்பேன், அவ்வளவுதான்.

ஒருநாள் லலிதம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். காரை ஓட்டிவந்தது பண்ணை ஆள். சாயங்காலமானால் ரெட்டியார் மாட்டுக் கொட்டகைப் பக்கம் நிற்கிற காரில் போய் உட்கார்ந்து, இஞ்சினைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருக்கிறாராம். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாராம். அந்தப் பட்டைகள் இருந்தால் மாட்டிக் கொடு, அவருக்குச் சொல்ல வேண்டாம் என்றார். நான் சாக்கை அவிழ்த்தேன்.

மறுநாள் காலையில் ரெட்டியார் வந்தார். என்ன செய்திருக்கிறேன் என்று ஓட்டி வரும்போதே தெரிந்துவிட்டதாம். அந்த வருஷம் நல்ல மழை, ஏரியில் அலையடித்தது, சட்டி வைக்க இடமில்லை. கிருஷ்ணகிரி சாலையில் போகலாம் என்றார். பிறகு பக்கத்துச் சீட்டுக் கதவைத் திறந்துவிட்டு, ஏறு என்றார். எடை கூடுமே என்றேன். கூடட்டும் என்றார்.

எத்தனையோ வண்டிகளுக்கு அடியில் படுத்திருக்கிறேன். வேகமாகப் போகிற ஒன்றுக்குள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சூளகிரி மலைக்குக் கீழே ஒரு நீண்ட வளைவு உண்டு. அதில் அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. பாறையும் புளியமரமும் பக்கவாட்டில் ஓடின. கார் சாயவே இல்லை. பட்டைகள் சேர்ந்து இறுகுவது என் இடுப்பில் தெரிந்தது. அந்தப் பட்டைகள் எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் கண்ணில் நீர் வந்துவிட்டது, காற்று என்று வைத்துக்கொள்ளலாம். வளைவு முடிந்ததும் ஓரமாக நிறுத்தினார். இந்த வருஷம் பெயர் கொடுங்கள் ஐயா என்று நான்தான் ஆரம்பித்தேன். இன்னும் மதராஸ் வரைக்கும் நீண்டு கிடந்த சாலையையே அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வண்டியைத் திருப்பினார்.

“பாப்பா எந்திரிச்சிருக்கும், கோவிந்தா. போலாம்.”

இப்படி எத்தனையோ பேருடைய வேகத்துக்கும் சுகத்துக்கும் பட்டை வளைத்துக் கொடுத்த நான், இன்றைக்கும் ஊருக்குப் போவது ஊத்தங்கரை பஸ்ஸில், பின்சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கிற சீட்டில்தான்.