பெட்ரோலோடு ஐம்பது மில்லி ஆயில்

இன்று காலை, கள்ளக்குறிச்சியில் ஒரு பெட்ரோல் பங்க்.

எனக்கு முன்னால் ஒரு பழைய ஃபோர் ஸ்ட்ரோக் பைக். ஓட்டி வந்தவர் கல்வராயன் மலைக்காரர், ஐம்பது வயதிருக்கும். ஏழு மாத வயிற்றோடு இருந்த மகளை ஓரமாக நிற்கவைத்துவிட்டு, பெட்ரோலோடு, டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்குக் கலக்கும் டூ-டி ஆயிலும் ஐம்பது மில்லி ஊற்றச் சொன்னார்.

என் வாய் சும்மா இருக்குமா. இதற்காகவே நம் பைக் குழுவில் எத்தனை பேரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

"அண்ணே, இந்த வண்டிக்கு அது தேவையில்ல. கீழ இருக்கிற இன்ஜின் ஆயிலே மேல ஹெட்டு வரைக்கும் போவும். பெட்ரோல்ல கலந்தா பொகதான் ஜாஸ்தியாவும்."

அவர் கோபப்படவில்லை.

"மெக்கானிக்கும் அதான் சொன்னாருங்க. போன வருசம் பெரிய பொண்ணுக்கு வலி வந்து, நடுவுல உக்கார வச்சி இட்டுக்கினு வந்தோம். மேடு ஏறும்போது இன்ஜின் ஜாம் ஆயிடுச்சி. எங்க ஊருக்கு வேற வண்டி வராது. நானும் அவ புருசனும் தூளி கட்டித் தூக்கிக்கினு நடந்தோம். தார் ரோட்டுக்கு வர்றதுக்குள்ள போயிட்டா."

ஓரமாக நின்ற மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"ஊத்துறதால ஒண்ணும் ஆவாதுதான். ஊத்தாம போயி, இந்த வாட்டியும் நின்னுச்சின்னா, இவகிட்ட நான் இன்னா சொல்றதுங்க?"

ஆயில் ஊற்றியாயிற்று. மகள் ஸ்கேன் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். வண்டி மலைப் பக்கம் திரும்பியது.

நான் சொன்னது இப்போதும் சரிதான். ஆனால் குழுவில் இனி யாராவது இதைக் கேட்டால், பதிலை நீங்களே சொல்லிவிடுங்கள்.