எக்ஸ்ரேயில் விழாத மூச்சு

ஆக்ஸிஜன் சிலிண்டர் வாடகைக்கு விடுவது விசித்திரமான பிழைப்பு. வந்த வாடிக்கையாளர் மறுபடி வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே கடை திறக்க வேண்டும். அந்தக் கடையைச் செங்கல்பட்டில் நடத்திய நான் உங்களைக் குற்றம் சாட்டுகிறேன், டாக்டர் ஐயா. பெயரைச் சொல்ல மாட்டேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "நெஞ்சு க்ளியரா இருக்கு, எல்லாம் மனசுதான்" என்று ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பினீர்களே, உங்களைத்தான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: மூச்சு வாங்கும் ஒருவர் பக்கத்தில் விசிறியோடு உட்கார்ந்திருந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். நாம் ஒரே கூட்டம். நான் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் இல்லை. தொண்ணூறுகளில் வெல்டிங் பட்டறைகளுக்கு சிலிண்டர் இறக்கி, அடிபட்டு, ஏமாந்து, பேரம் பேசக் கற்று, பிறகு நோயாளிகள் பக்கம் வந்தவன். கோபம் மட்டும் பட்டறையில் இருந்தபடியே இருக்கிறது.

சிலிண்டருக்கு மாலை

திருப்போரூரில் ஒரு பெரியவர், பூ வியாபாரி. வயிற்றில் ஆரம்பித்த புற்றுநோய் நுரையீரலுக்குள் நுழையாமல், அதைச் சுற்றியுள்ள உறையில் உட்கார்ந்து தண்ணீராகக் கோத்துக்கொண்டது. எடுக்க எடுக்க ஊறியது. சிலிண்டரை இறக்கிவிட்டு, பக்கத்தில் நெருப்பு கூடாது, வால்வில் எண்ணெய்க் கை படக்கூடாது என்று தொண்டை கிழியச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆயுத பூஜையன்று சிலிண்டர் மாற்றப் போனால், அதற்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. மருமகள் எதிரில் கற்பூரத்தைத் தட்டில் வைத்து, தீக்குச்சியை உரசப் போகிறாள். தீப்பெட்டியைப் பிடுங்கி வாசலில் எறிந்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அந்தப் பெண் அழுதுவிட்டாள். பெரியவர் மூக்குக் குழாயைச் சற்று விலக்கினார். "கத்தாத நைனா. மூச்சு குடுக்கிற சாமின்னு நெனச்சிக்கினா, பாவம். திட்டணும்னா என்னத் திட்டு, மாலை கட்னது நான்தான்."

வஞ்சிர முள்

சாப்பிட்டது உள்ளே எங்கேயோ தங்கிவிட்டது என்றால், ஊதியோ உறிஞ்சியோ அதை எடுத்துவிடுவதாகச் சொல்கிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. தொக்கம் எடுப்பது என்பார்கள். கோவளத்தில் படகு வைத்திருந்த அந்தோணிக்கு ஓயாத இருமல். நெஞ்சில் ஒரு பக்கம் மட்டும் விசிலடித்தது. வஞ்சிர மீன் முள்தான் என்று அவர் மனைவி முடிவு கட்டித் தொக்கம் எடுக்கக் கூட்டிப்போனாள். எடுத்தவர் உள்ளங்கையில் எதையோ காட்டி, முள் என்றார். இருமல் நிற்கவில்லை. இன்னொரு ஊர், இன்னொரு முள்.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தபோது, மூச்சுக்குழாயின் உள்சுவரிலேயே ஒரு சதை வளர்ந்து வழியை அடைத்திருந்தது. வருஷக்கணக்கில் முன்னால் புற்றுநோய் என்று அவருக்கு ஒரு கிட்னியை எடுத்திருந்தார்கள். அதன் மிச்சம்தான் இது. அந்தத் தொக்கக்காரனை உண்டு இல்லை என்று பண்ணுகிறேன் என்று நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். அந்தோணி கையைப் பிடித்து நிறுத்தினார். "வுடு அண்ணாத்த. அவன் முள்ளுன்னான், இவங்க கட்டின்றாங்க. இடுப்பாண்ட இருந்தது நெஞ்சுக்கு வர எந்த பஸ்ஸு புடிச்சிச்சின்னு மட்டும் எவனாச்சும் சொன்னா தேவல."

மணலில் நடை

இப்போது உங்கள் விஷயம், டாக்டர் ஐயா. சதுரங்கப்பட்டினம் பக்கத்தில் கணவரின் ஆபீஸ் குடியிருப்பில் இருந்தவர் கஸ்தூரி அம்மா. மார்பில் ஆபரேஷன் முடிந்து, நோய் போய்விட்டது என்று எல்லாரும் மறந்திருந்த நேரம். வறட்டு இருமல் வந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு நின்று வந்தது. உங்களிடம் வந்தார்கள். அந்த அம்மா பழைய ஆபரேஷனைச் சொல்ல வாயெடுத்தார். நீங்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டீர்கள்.

கணவர் செல்வராஜ் சார் படித்தவர், ஒழுங்கானவர். டாக்டர் சொன்னால் சொன்னதுதான். மனசுக்கு நல்லது என்று தினமும் விடியற்காலையில் மனைவியை அந்த ஊர் டச்சுக் கோட்டைக்குப் பின்னால் கடற்கரை மணலில் நடக்க வைத்தார். அந்த அம்மா பாதியில் உட்கார்ந்தால், "நடிக்காதே கஸ்தூரி, எழுந்திரு" என்பாராம். அந்த அம்மாவும் எழுந்து நடந்திருக்கிறார்.

உதடு நீலம் பூத்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். என் வேனிலேயே சிலிண்டரோடு சென்னைக்குக் கொண்டுபோனேன். அங்கே ஸ்கேன் படத்தை வைத்து ஒரு லேடி டாக்டர் விளக்கினார். நுரையீரலில் நிணநீர் ஓடும் மெல்லிய வழிகள் உண்டாம். கட்டி கட்டியாக விழாமல், நோய் அந்த வழிகளில் புகுந்து நிரப்பிவிட்டதாம். படத்தில் அது வலைக்கயிறு தடித்தது போல இருந்தது. ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் பிடிபடாமலே போகலாம் என்றார். செல்வராஜ் சார் வேறெதையும் கேட்கவில்லை. "அப்போ மணல்ல அவ நடிக்கலயா, மேடம்?"

நீளக் குழாய்

வாடகை விஷயத்தில் என்னைத் தோற்கடித்த ஒரே ஆள் கஸ்தூரி அம்மாதான். சென்னையிலிருந்து வீடு திரும்பியதும் நான் கொடுத்த குழாய் கட்டிலோடு நின்றது. சமையலறை வரை எட்டுகிற குழாய் வேண்டும் என்றார். கேஸ் அடுப்புப் பக்கம் ஆக்ஸிஜனா என்று எகிறினேன். அடுப்பை மூடிவிட்டு, ஹோட்டல் சாப்பாடு வரவழைத்து, அதைச் சமையலறையில் வைத்துப் பரிமாறத்தான் என்றார். குழாய் கொடுத்தேன், வாடகை இல்லாமல். "கோவிச்சுக்காதீங்க அண்ணே. அவர் என் முன்னாடி உட்கார்ந்து சாப்பிட மாட்டேங்கிறார். நான் தட்டுல போட்டாதான் ரெண்டு வாய் இறங்குது."

சத்தமாகப் பேசுகிறவன்

கடைசி வாரத்தில் ஒரு நாள் அந்த அம்மா என்னை மட்டும் கூப்பிட்டார். "அவர்கிட்ட நான் சொல்லிப் பார்த்துட்டேன், அவர் மேல தப்பில்லைன்னு. காதுல ஏறல. நீங்கதான் சத்தமா பேசுவீங்களே, நீங்க சொல்லுங்க." சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த அம்மா போன பிறகு, சிலிண்டரைத் திரும்ப எடுக்கப் போனபோது செல்வராஜ் சாரிடம் சொன்னேன். மெதுவாகச் சொன்னேன். பிறகு என் வழக்கப்படி கத்தியும் சொன்னேன். உங்களுக்குத் தெரிந்திருந்தால் நடக்க விட்டிருப்பீர்களா சார், தோளில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க மாட்டீர்களா என்றேன். அவர் அந்த நீளக் குழாயைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். முடிச்சு விழாமல் சுருட்டி என் கையில் கொடுத்தார். வருஷங்கள் ஆகிவிட்டன, இன்றைக்கும் அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஊரைச் சுற்றித்தான் போகிறார், கடற்கரைப் பக்கம் கால் வைப்பதில்லை. அன்றைக்கு அவர் சொன்னது இதுதான்: "நீங்க நல்ல மனசுல சொல்றீங்க. ஆனா மனசுதான் காரணம்னு சொன்னது டாக்டர். இல்லைன்னும் அவர்தானே சொல்லணும்."

எக்ஸ்ரேயில் தெரியாததற்கு உங்களைத் திட்டவில்லை, ஐயா. கேட்காமல் 'மனசு' என்றதற்குத்தான். ஊருக்கெல்லாம் காற்றை வாடகைக்கு விட்ட என்னால் அந்த ஒரு மனுஷனை மூச்சு விட வைக்க முடியவில்லை. உங்களுக்கு அதற்கு ஒரு வாக்கியம் போதும், சதுரங்கப்பட்டினத்துக்கு வந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.