ஒண்டாச் சாப்பிட ஜப்பானுக்குப் போன கதை

டிக்கெட் போடுற தொழிலில விசாவும் விமானமும் தெரிஞ்சாக் காணாது. எந்த வீட்டில ஆர் முதல் சாப்பிடுகினம் எண்டதும் தெரிய வேணும். வெக்ஸ்போர்ட்டில ஒரு பிளாசா மூலையில ட்ராவல் ஏஜென்சி வைச்சிருக்கிறன். என்னைப் போல இதில மாரடிக்கிற சனங்களே, நான் சொல்லப் போறது உங்களுக்குத்தான் விளங்கும்.

நயாகராவும் வேண்டாம், சுவிஸும் வேண்டாம்

தேவியக்கா தனிய வந்து கதவைச் சாத்திப்போட்டு இருந்தா. அவவின்ர மனுசன் பரமண்ணைக்கு பாண் சுடுற பேக்டரியில இரவு ஷிப்ட், அவவுக்கு வேற இடத்தில பகல் ஷிப்ட். அவர் வர இவ போவா. இருபத்தாறு வருசம் ஆளுக்கொரு நேரத்தில, மூடி வைச்ச சாப்பாடு. இப்ப ரெண்டு பேரும் பென்சன். எண்டாலும் அவர் சாப்பிட்டு எழும்பின பிறகுதான் இவ தன்ர சாப்பாட்டுக் கோப்பையைத் தொடுவா. பழக்கம் விடுதில்லை.

மகள் எங்கையாவது போய் வாங்கோ எண்டு நெருக்கிறாளாம். நான் நயாகராவில துவங்கி சுவிஸ் வரைக்கும் அளந்தன். அக்கா தலையை ஆட்டினா.

"பிள்ளை, ஊர் பாக்கிறது பெரிசில்லை. வேற ஆரோ போட்டுத்தர நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டா இருந்து சாப்பிட வேணும். அப்பிடி ஒரு இடம் இருக்கோ?"

சூட்கேஸ்

ஜப்பான் எண்டன். அங்க சின்னச் சின்ன விடுதியளில, அந்தந்தப் பக்கத்துச் சாப்பாட்டை ஆளுக்கொரு தட்டமாய் முன்னால கொண்டந்து வைப்பினம், எழும்பவே தேவையில்லை எண்டு சொன்னன்.

வெளிக்கிட முதல் நாள் வீட்டை போய்ப் பாத்தால், சூட்கேஸில உடுப்புக்கு இடமில்லை. ரைஸ் குக்கர், புட்டுக்குழல், மிளகாய்த்தூள்! எனக்கு வந்த விசருக்கு, "சமைக்கப் போறியளோ, சாப்பிடப் போறியளோ?" எண்டு நல்லாப் பேசிப்போட்டன். ஒவ்வொண்டாய் வெளியில எடுத்தா. தூளை மட்டும் விடயில்லை.

"இது சமைக்க இல்லைப் பிள்ளை. இடைக்கிடை மணந்து பாக்க."

மூண்டாவது தட்டம்

அவை போய்ச் சேந்த பிறகு ஒரு நாள் காலமை ஆறு மணிக்கு என்ர ஃபோன் அடிக்குது, அக்காதான். அவை நிண்ட கனசாவா எண்ட ஊரில அப்ப பின்னேரச் சாப்பாட்டு நேரம். விடுதிக்காரி சுட்ட மீன், தாமரைக்கிழங்கு, நண்டு எண்டு ரெண்டு தட்டம் வைச்சிருக்கிறா. அக்கா மீனுக்கு முள்ளு எடுத்துப் பரமண்ணையின்ர பக்கம் தள்ளிப்போட்டு, தன்ர தட்டத்தைத் தொடாமல் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறா. சாப்பாடு பிடிக்கயில்லையாக்கும் எண்டு விடுதிக்காரி பதறி, அதை எடுத்துக்கொண்டு போய் வேற கொண்டந்தா. அதையும் தொடயில்லை. மூண்டாவது தட்டத்தோட சமையல்காரரே வந்து குனிஞ்சு மன்னிப்புக் கேக்கிறாராம்!

"ஐயோ அக்கா, நீங்கள் ஒரு வாய் வைக்காட்டி அந்தச் சமையல்கார மனுசன் அழப்போகுது" எண்டு கத்தினன். பரமண்ணை ஃபோனைப் பறிச்சார். அந்தக் குரலை நான் முந்திக் கேட்டதில்லை.

"தனியச் சாப்பிட்டது காணும் பிள்ளை. இவ கை வைக்காமல் நானும் தொட மாட்டன் எண்டு சொல்லு."

சமையல்காரர் நிக்க நிக்கவே ரெண்டு பேரும் சாப்பிட்டினமாம். எனக்குக் கண் கலங்கிப் போச்சு.

உடோன்

பிறகு சிகொக்குத் தீவு. அங்க உடோன் எண்டு தடிச்ச நூடில்ஸ், சூப்புக்குள்ள. பரமண்ணை கோப்பையைத் தூக்கி "சர்ர்ர்" எண்டு உறிஞ்ச, அக்காவுக்கு வெக்கம் பிடுங்கித் தின்னுது. சுத்திப் பாத்தால் கடை முழுக்க அதே சத்தம். சிரிப்பு அடங்காமல் அக்கா எனக்கு ஃபோன் எடுத்தா.

"கலியாணம் கட்டி இவ்வளவு காலம், இவர் இப்பிடித்தான் சாப்பிடுவார் எண்டு பக்கத்தில இருந்து இண்டைக்குத்தான் பிள்ளை காணுறன்!"

திரும்பி வந்த பிறகு

ரெண்டு பேருமாய் என்ர கடைக்கு வந்தினம். அந்த விடுதியில இருந்த மாதிரி ரெண்டு தட்டம் வாங்கி வந்திருக்கினம். இப்ப வீட்டிலயும் ரெண்டையும் மேசையில வைச்சிட்டுத்தான் ஒண்டாய்ச் சாப்பிட இருக்கிறதாம். முள்ளு எடுக்கிறது அண்ணையாம். போகேக்க அக்கா வாசலில நிண்டு திரும்பிப் பாத்தா.

"அது சரி பிள்ளை, உம்மட மனுசன் எப்பிடிச் சாப்பிடுவார்?"

ஊரில உள்ள சோடியளையெல்லாம் ஒண்டாய் இருத்திச் சாப்பிட வைக்கிறது நான், ஆனால் மார்க்கம் ரவுனில வேலை முடிச்சுப் பிந்தி வாற என்ர மனுசனுக்கு இண்டைக்கும் சாப்பாடு போட்டுக் குடுக்கிறது மைக்ரோவேவ்தான்.