பக்கத்து வீட்டுக் கன்னிக்கால்

மூன்று வருடங்களுக்கு முன், மே மாதத்து ஒரு புதன்கிழமை பின்னேரம், ரொறன்ரோ விமான நிலையத்தில் ஒரு நாய் என் சூட்கேசுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. சும்மா உட்காரவில்லை. பஸ்சுக்குக் காத்திருக்கிற ஆளைப்போல, இனி இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன் என்று உட்கார்ந்தது.

நான் யாழ்ப்பாணம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். மகனுக்குக் கலியாணம். கூறைச்சேலை எடுக்கப் போனதாகத்தான் எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை, சேலையும் எடுத்தேன். ஆனால் ரொறன்ரோவில் கிடைக்காத கூறைச்சேலையா? நான் உண்மையில் போனது ஒரு தடிக்காக.

எங்கள் கலியாணங்களில் தாலிக்குப் பொன்னுருக்குகிற நாளன்று, மாப்பிள்ளை வீட்டு வளவில் கன்னிக்கால் ஊன்றுவோம். முள்முருக்கு மரத்தின் ஒரு கொப்புதான் கன்னிக்கால். அதில் மாவிலை கட்டி, மஞ்சள் பூசி, சுமங்கலிப் பெண்கள் மூன்று பேர் பாலும் நீரும் ஊற்றுவார்கள். அது வேர்விட்டுத் துளிர்த்தால் அந்தக் குடும்பமும் தழைக்கும் என்பது நம்பிக்கை. கனடாவில் முள்முருக்குக்கு எங்கே போவது? கையில் கிடைத்த தடியை ஊன்றிச் சமாளித்துவிடுவார்கள்.

என் கலியாணத்துக்கு ஊன்றியது மொப் தடி. உண்மையாகவே வீடு துடைக்கிற மொப் தடிதான். ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்ட், தை மாதம், வெளியே முழங்கால் அளவு பனி. தடியில் மஞ்சள் துணியைச் சுற்றி, பூக்கடையில் வாங்கிய ஏதோ இலையைக் கட்டி, ஒரு வாளி மண்ணில் நட்டார்கள். என் பக்கத்துச் சொந்தங்கள் ஒருவரும் வர முடியாத காலம் அது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் முப்பது வருடமாக அந்தத் தடி என் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்கு ஒரே மகன். அவனுக்காவது துளிர்க்கிற தடி ஒன்றை ஊன்றிவிட வேண்டும் என்று எப்போதோ முடிவெடுத்துவிட்டேன்.

முறைப்படி கேட்காமல் களவாகக் கொண்டுவந்தேன் என்று நினைக்க வேண்டாம். போக முன்னமே, செடிகொடி கொண்டுவர அனுமதி தருகிற கனடா அலுவலகத்துக்குப் போன் எடுத்துக் கேட்டேன். பேசிய பெண் தன்மையாகத்தான் பேசினார். தாவரத்தின் விஞ்ஞானப் பெயர் வேண்டுமாம், இறக்குமதி அனுமதி வேண்டுமாம், பூச்சியும் நோயும் இல்லை என்று அந்த நாட்டு அரசாங்கம் தருகிற சான்றிதழ் வேண்டுமாம். விஞ்ஞானப் பெயரா? எங்கள் ஊரில் அது வேலி. ஆடு தின்கிற குழை. வேலிக்குச் சான்றிதழ் கேட்டு நான் எந்தக் கந்தோரில் போய் நிற்பது? எனக்கு வந்த கோபத்தில் அன்று சோறு அடிப்பிடித்துவிட்டது.

என் கோபம் என் ஒருத்தியுடையது மட்டுமில்லை. மில்லிக்கன் பிளாசாவில் மரக்கறி வாங்கப் போனால் இந்தக் கதை ஒரு நாளும் ஓயாது. ஒருவருக்கு வெற்றிலைக் கொடி பறிபோயிருக்கும், இன்னொருவருக்குச் செவ்வரத்தைத் தடி. ஈரப் பேப்பரில் சுற்றுங்கோ, சப்பாத்துக்குள் வையுங்கோ என்று ஆளுக்கொரு ஆலோசனை சொல்வார்கள். அப்படிச் சொன்ன எவருடைய வீட்டிலும் ஒரு ஊர்ச் செடி நின்றதை நான் பார்க்கவில்லை. அதையாவது யோசித்திருக்கலாம். நான் யோசிக்கவில்லை.

ஊர் வேலியில் வெட்டிய மூன்று அடித் தடியை என் கணவருடைய எட்டுமுழ வேட்டியில் சுற்றி, சூட்கேசில் கோணலாக வைத்துப் பூட்டினேன். இங்கே இறங்கியதும் இயந்திரத் திரையில் கேள்வி வந்தது. தாவரம், விதை, மண் ஏதாவது உண்டா? இல்லை என்று அமத்தினேன். அதற்குப் பிறகுதான் நாய் வந்தது.

நாய்க்கு வடை வாசம் பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஊர்த் தட்டை வடை இரண்டு பைக்கற் வைத்திருந்தேன். "வடை, வடை" என்று நானே பைக்கற்றை எடுத்து அதிகாரிக்குக் காட்டினேன். என் வயதுடைய ஒரு பெண் அதிகாரி. வடையை வாங்கிப் பார்த்து, மரியாதையாகத் திருப்பித் தந்துவிட்டு, சூட்கேசைத் திறக்கச் சொன்னார். வேட்டியை எடுத்து விரிக்கத் தொடங்கினார். அது விரிய விரிய முடியவேயில்லை. நடுவில் முள் வேறு கொழுவிக்கொண்டது. கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்து இழுக்க, தடி மேசையில் 'டொக்' என்று விழுந்தது.

இது ஆயுதமா என்று அவர் கேட்டார். இல்லை, கலியாணம் என்றேன். அவர் தடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். நான் பேச்சில் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை. மனிதர்களுக்கே இடம் கொடுத்த நாடு ஒரு தடிக்கு இடம் கொடுக்காதா என்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் ஒரு சிறு கத்தியால் பட்டையைக் கீறினார். உள்ளே நெளிந்துகொண்டு ஒரு வெள்ளைப் புழு. சாகவில்லை. வேட்டிக்குள் சொகுசாக என்னோடு சேர்ந்து பயணம் செய்திருக்கிறது.

உங்கள் தெருவில் அஷ் மரம் இருந்ததா என்று அவர் கேட்டார். இருந்தது. எங்கள் வாசலிலேயே ஒன்று நின்றது. அது பட்டுப்போய், நகரசபை ஆட்கள் வந்து வெட்டிக்கொண்டு போன நாளில் நான் வாசலில் நின்று சண்டை பிடித்திருக்கிறேன். வேறு நாட்டிலிருந்து பலகைக்குள் ஒளிந்து வந்த ஒரு வண்டுதான் அந்த மரங்களை எல்லாம் கொன்றது என்று அவர் விளக்கினார். நான் அந்தப் புழுவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வெட்கமாகப் போய்விட்டது. முதல் தடவை என்பதால் எச்சரித்து விட்டார். தடி ஒரு பெரிய தொட்டிக்குள் போனது. போகும்போது என் மகனுக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னார்.

வெட்கம் ஒரு பக்கம், துக்கம் ஒரு பக்கம். புதன்கிழமை முடிகிறது, சனிக்கிழமை காலை பொன்னுருக்கல். அழைத்துப்போக வந்திருந்த கணவரிடம் காரில் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இஞ்சாரும், மொப் தடி ஊண்டின எங்கட கலியாணமே முப்பது வருசமா நிக்குது. பிறகேன் அழுறீர்?"

"ஓம், அதாலதானே நீங்கள் முப்பது வருசமா ஒரு நாளும் மொப்பைத் தொடேல்லை!"

அழுகைக்குள் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பிரச்சினை அப்படியே இருந்தது. அடுத்த நாள் ஐயருக்குப் போன் எடுத்தேன். அவர் பதறவேயில்லை. "அம்மா, பச்சைத் தடியா இருக்கோணும், துளிர்க்கிற சாதியா இருக்கோணும். அது காணும், மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். மகன் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் வெட்டி நட்டால் உடனே வேர்விடுகிற மரம் வில்லோதான் என்றான். சொல்லிவிட்டுக் குசினி ஜன்னலால் வெளியே பார்த்தான். நானும் பார்த்தேன். பக்கத்து வீட்டு வளவில் வில்லோ மரம் ஒன்று, கொப்பெல்லாம் முறுகி வளைந்து, அமோகமாக நின்றது.

அந்த மரத்துக்கும் எனக்கும் ஆகாது. பக்கத்து வீட்டில் ஒரு சீனக் குடும்பம். நாங்கள் இந்த வீடு வாங்கிய நாளிலிருந்து பதினொரு வருடமாக அவர்கள்தான் அயலவர்கள். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அந்த மரம் தன் இலைகளை எங்கள் புல்லில்தான் கொட்டும். நான் விளக்குமாற்றோடு நின்று, அந்த அம்மாவுக்குக் கேட்கும்படியாகப் பெருமூச்சு விடுவேன். அதற்கு இரண்டு வருடம் முன்பு மகனைக்கொண்டு ஒரு கடிதம் எழுதி, எங்கள் பக்கம் நீளும் கொப்புகளை வெட்டச் சொல்லிக் கதவில் ஒட்டுவித்தேன். அதற்குப் பிறகு அந்த அம்மா என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவார்.

இப்போது அங்கே போய் ஒரு கொப்புத் தாருங்கள் என்று கேட்க வேண்டும். கணவர் போகட்டும் என்று பார்த்தேன். "கடிதம் ஒட்டினது ஆர்?" என்று கேட்டுவிட்டு அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

சீனி அரியதரமும் பயற்றம் பணியாரமும் ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். அந்த அம்மா திறந்தார். என்னைக் கண்டதும் முகம் வாடியது. நான் வாயைத் திறக்க முன்னமே "ஐ கட், ஐ கட்" என்று சொல்லிக்கொண்டு கராஜுக்குள் ஓடி, ஒரு அரிவாளைத் தூக்கிக்கொண்டு வந்தார். கொப்புகளை இன்னும் வெட்டவில்லை என்று சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். அந்த நிமிடம் நான் கூனிக்குறுகிப் போனேன். என்னைப் பார்த்து ஒரு மனிசி இப்படிப் பயப்படும்படியாகவா நான் நடந்திருக்கிறேன்?

வெட்டாதே வெட்டாதே என்று கையை ஆட்டினேன். பிறகு, ஒன்று மட்டும் வெட்டு என்றேன். அவர் குழம்பிப்போனார். கலியாணக் கார்ட்டைக் காட்டினேன், மகனும் மருமகளாக வரப்போகிற பிள்ளையும் நிற்கிற படத்தைக் காட்டினேன், தடியை மண்ணில் நட்டுத் தண்ணீர் ஊற்றுவதைக் கையாலேயே செய்துகாட்டினேன். தலையாட்டினார். கடையில் ஒரு செடி வாங்கலாமே, ஏன் கொப்பு என்று கேட்டார். ஊரிலிருந்து கொண்டுவந்தேன், ஏர்போர்ட்டில் எடுத்துத் தொட்டிக்குள் போட்டுவிட்டார்கள் என்றேன்.

அவ்வளவுதான். அந்த அம்மாவின் முகம் விளக்குப் போட்டது மாதிரி மாறியது. "ஏர்போர்ட்! மீ டூ!" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். இதே சாதி மரத்தின் தடி ஒன்றைத் தன் தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்தாராம், குளிர் கோட்டின் கைக்குள் ஒளித்துவைத்து. அவரையும் பிடித்துவிட்டார்கள். நெஞ்சை நிமிர்த்தி, புருவத்தைச் சுருக்கி, தன்னைப் பிடித்த அதிகாரி மாதிரியே நடந்துகாட்டினார். நான் நாய் உட்கார்ந்த மாதிரிக் குந்திக் காட்டினேன். வேட்டி விரித்ததையும் காட்டினேன். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரிப்பு. அதே சாதி வில்லோ இங்கேயே ஒரு நேர்சரியில் இருப்பதைக் கண்டு, கட்டிப்பிடித்து அழுதே வாங்கினாராம். அந்த மரத்தைத்தான் நான் வெட்டச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் என் முதுகில் தட்டிவிட்டு, ஒரு அரியதரத்தை எடுத்துக் கடித்தார்.

கொப்பை அவரே தெரிந்தெடுத்தார். பூச்சி அரித்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, மூன்றைக் கழித்து, நான்காவதை வெட்டி இரண்டு கையாலும் ஏந்தித் தந்தார். "உதென்னப்பா, தடி டான்ஸ் ஆடுது" என்றார் என் கணவர். முறுகினாலும் பச்சைத் தடி.

சனிக்கிழமை அந்த அம்மா சிவப்புச் சட்டை போட்டு, கணவரோடு முன்வரிசையில் வந்து இருந்தார். கன்னிக்காலுக்கு நீர் ஊற்ற மூன்று பேரைக் கூப்பிடும்போது அவரையும் கூப்பிட்டேன். சொந்தத்தில் ஒரு அன்ரி என் காதுக்குள், "அவவுக்கு உது என்ன தெரியும்?" என்றார். "அன்ரி, தடியே அவவின்ர. தண்ணி ஊத்த அவவுக்குத் தெரியாதோ?" என்றேன். அன்ரி தள்ளி இடம் விட்டார்.

மற்ற இருவரும் பேருக்கு ஊற்றிவிட்டு எழும்பினார்கள். இவர் எழும்பவில்லை. நட்ட ஆழம் காணாது என்று தடியைப் பிடுங்கி எடுத்தார். சபை முழுக்க 'ஐயோ' என்றது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அந்த அம்மா சட்டைக் கையை மடித்துவிட்டு, கையாலேயே குழியை ஆழமாக்கி, தடியை இறக்கி, சுற்றி மண்ணை இறுக்கி, இன்னும் இரண்டு செம்பு தண்ணீர் வாங்கி ஊற்றிவிட்டு, இனி நடத்துங்கள் என்கிற மாதிரி ஐயரைப் பார்த்துத் தலையாட்டினார். ஐயர் சிரித்துக்கொண்டே தொடர்ந்தார். என் மகன் சிரித்த சிரிப்பில் அவன் நெற்றிச் சந்தனமே உதிர்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை றிச்மண்ட் ஹில்லில் கலியாணம் சிறப்பாக நடந்தது. பிள்ளைகள் ஸ்ரௌவ்வில்லில் குடிபோனார்கள். நான் ஒவ்வொரு நாளும் வேலையால் வந்ததும் தடியைப் போய்ப் பார்ப்பேன். ஒன்றும் இல்லை. ஒரு வாரம் போனது, ஒன்றும் இல்லை. வாயால் சொல்லாவிட்டாலும் மனம் கிடந்து அடித்தது. மண் மட்டும் எப்போதும் ஈரமாகவே இருந்தது. கணவர்தான் ஊற்றுகிறாராக்கும் என்று நினைத்து, மனதுக்குள் அவரை மெச்சிக்கொண்டேன்.

பதினேழாம் நாள் காலை, வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "கம்! கம்!" என்று ஒரே சத்தம். ஓடிப்போனேன். அந்த அம்மா வேலிக்கு மேலால் தண்ணீர்க் குழாயை நீட்டிக்கொண்டு நின்றார். இவ்வளவு நாளும், நான் வேலைக்குப் போன பிறகு, அவர்தான் தண்ணீர் விட்டிருக்கிறார். குழாயை விட்டுவிட்டு ஒரு விரலால் காட்டினார். தடியின் நடுவில் ஒரு வளைவில், அரிசி அளவில் இரண்டு பச்சைத் துளிர்.

எனக்கு வந்தது அழுகையா சிரிப்பா தெரியாது. மகனுக்கு வீடியோ கோல் எடுத்தேன். மருமகள் அலறிய அலறலில் அவர்கள் தெருவே எழும்பியிருக்கும். நானும் அந்த அம்மாவும் வேலிக்கு மேலால் கட்டிப்பிடித்துக்கொண்டோம். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்துபோனோம். அன்று நான் வேலைக்குப் பிந்திப் போனேன், அதுவும் ஈரச் சட்டையோடு.

இப்போது அது என்னைவிட உயரம். போன மாதம் ஒரு பொன்னுருக்கலுக்கு அதிலிருந்து நாங்கள் இரண்டு பேருமாகத்தான் கொப்பு வெட்டிக் கொடுத்தோம். பிளாசாவில் யாராவது ஏர்போர்ட் சட்டத்தைத் திட்டினால் நானும் சேர்ந்து இரண்டு வார்த்தை திட்டுவேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் புழுவின் கதையையும் சொல்லித்தான் விடுவேன். ஒரு தடிக்காக உலகத்தின் மறுகரை வரை போய்வந்த எனக்கு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் பதினொரு வருடம் எடுத்தது. அந்தப் பதினொரு வருடத்துக்கும் சேர்த்துத்தான் இப்போது நாங்கள் இருவரும் பாதி ஆங்கிலத்திலும் பாதிக் கையாலும் நாள்தோறும் கதைத்துக்கொண்டிருக்கிறோம்.